பச்சை வயரின் மறுநுனி

சுல்பிகா தன் மருமகனோடு ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. கோபம் என்று ஒன்றுமில்லை. அவனுடைய சோற்றுக் கோப்பையில் நல்ல மீன்துண்டு விழுகிறதா என்று குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவள் அவள்தான். ஆனால் அந்தத் துண்டை மகளின் கையால்தான் கொடுத்தனுப்புவாள்.

அவர்களுடைய கடலோர ஊரான சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே அழைத்துக்கொள்வார்கள். வீடு மகளின் பெயருக்குப் போகும். பெற்றோர் பின்பக்கத்து அறைக்கு மாறிக்கொள்வார்கள். புதிதாக வந்த மருமகனுக்கு முன்னால் மாமியார் சட்டென்று வருவதில்லை. கேட்பதும் சொல்வதும் மகளின் வாயால் நடக்கும். மார்க்கத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை, ஊரின் வெட்கம்தான். மற்ற வீடுகளில் முதல் பிள்ளை வயிற்றில் தங்குவதற்குள் இந்த வெட்கம் கரைந்துவிடும். சுல்பிகாவின் வீட்டில் பிள்ளை பிறந்த பிறகும் கரையவில்லை. மருமகன் முபீன் முன்கதவால் வந்தால் அவள் பின்கதவால் போய்விடுவாள்.

அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆறாம் வகுப்பில் உம்மா வருத்தம் வந்து பாயில் விழுந்தார். தம்பிமாரைப் பார்க்க ஆள் வேண்டுமென்று சுல்பிகாவைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். திரும்ப அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமலிருந்து பழகியவளுக்குப் பார்ப்பது தொழிலாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் தைப்பதைப் பார்த்தே அபாயா தைக்கப் பழகினாள். மெசினில் தையல் சிக்கினால் மற்றவர்கள் துணியை இழுப்பார்கள். அவள் இழுக்கமாட்டாள். நூல் எங்கிருந்து வருகிறது, எதில் மாட்டியிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவாள்.

மாரி தொடங்கி, கடற்காற்று வாசல் வரை குளிர்ந்து வீசிய நாளில் மகள் அம்ஹாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவளைச் சுடுதண்ணியில்தான் குளிப்பாட்ட வேண்டும். சுல்பிகா குசினியில் பெரிய பானையில் தண்ணி கொதிக்கவைத்து, வாளியில் ஊற்றி, முற்றத்தைக் கடந்து குளியலறைக்குக் கொண்டுபோவாள். மழையில் முற்றம் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு காலை அவளுடைய கால் வழுக்கியது. வாளி கையை விட்டுப் போகவில்லை, பாதித் தண்ணி பாதத்தில் விழுந்தது.

அன்று பின்னேரம் முபீன் அக்கரைப்பற்றிலிருந்து வந்தான். அங்கே ஒரு நெல்லுக்கடையில் அவனுக்கு வேலை. வீட்டு முன்மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"அம்ஹா, உம்மாட கால் எப்பிடியாம்?"

கதவுச்சீலைக்குப் பின்னால் நின்ற சுல்பிகாவுக்குக் கேள்வி நன்றாகவே கேட்டது. என்றாலும் காத்திருந்தாள்.

"உம்மா, கால் எப்பிடியாம் எண்டு கேக்கார்."

"ஒண்டுமில்ல எண்டு சொல்லு."

"ஒண்டுமில்லயாம்."

"ஒண்டுமில்லாட்டி ஏனாம் நொண்டுறா?"

அம்ஹா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "இஞ்சப் பாருங்க ரெண்டு பேரும். நான் இந்தப் புள்ளைக்குப் பால் குடுக்கிறதா, இல்ல உங்கட கதைய அங்கயும் இங்கயும் காவுறதா? ஒரு சீலைதான் நடுவில தொங்குது, சுவரா கட்டியிரிக்கி?"

முபீன், "நாளைக்குக் கல்முனைக்குப் போய் கரண்டுல சுடுதண்ணி வாற ஷவர் ஒண்டு பாக்கன். உம்மா இனி வாளி தூக்கத் தேவல்ல" என்றான். சுல்பிகா குசினிக்குத் திரும்பி நடந்தாள். பாதம் எரிந்தது. அதைவிட, தனக்காக ஒருவன் கடைக்குப் போகப்போகிறான் என்ற நினைப்பு கூச்சமாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து படங்கள் அம்ஹாவின் போனுக்கு வந்தன. வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, பெரிது, சிறிது. பிறகு முபீனின் குரல் வந்தது: "கடைக்காரர் கேக்கார், டேங்க் எவ்வளவு உயரத்தில இரிக்கி எண்டு."

"எனக்கு எப்பிடித் தெரியும்? உம்மா, டேங்க் எவ்வளவு உயரம்?"

சுல்பிகா யோசிக்கவேயில்லை. "குளிக்கிற அறைட மேல்தட்டிலதான் குந்தியிரிக்கி. நிக்கிற ஆள்ட தலைக்கு மேல ரெண்டு முழம்கூட வராது. இப்பவே தண்ணி ஆட்டுப்பால் கறக்கிற மாதிரித்தான் வருது."

உயரமில்லாத டேங்குக்கு உள்ளேயே சின்ன மோட்டர் வைத்த ஷவர்தான் சரிவரும், இல்லாவிட்டால் தண்ணி மெல்லிதாக வந்து அளவுக்கு மிஞ்சிச் சுடும் என்று கடைக்காரர் சொன்னாராம். முபீனுக்குப் பெரியதில்தான் கண். ஆனால் அவனோடு கூடப் போயிருந்த கூட்டாளி றிஸ்கான் விடவில்லை. வயரிங் வேலை செய்பவன் அவன். "மச்சான், இது மலைக்குளிர் அடிக்கிற நுவரெலியாவா? உங்கட ஊட்டுக்கு வாற கரண்ட் அந்தப் பெரிய சாமானுக்குக் காணாது. அதப் போட்டு, கிணத்து மோட்டரையும் போட்டு, அயன் பொக்ஸையும் போட்டியெண்டா முழு ஊடும் இருட்டுத்தான். சின்னதே இஞ்சத்த குளிருக்குத் தாராளம்." இதையும் போன் சொன்னது. சுல்பிகா நடுவே ஒன்று கேட்கச் சொன்னாள்: கிணற்றுத் தண்ணி உப்பு, கேத்திலின் அடியெல்லாம் வெள்ளை படியுது, ஷவருக்கு என்ன செய்யும்? றிஸ்கான் சிரித்தானாம். உப்புத் தண்ணி உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பியைத் தின்றுவிடும், தின்றால் கரண்ட் தண்ணிக்குள் கசியும், ஆகவே டேங்கில் ஊருக்கு வரும் பைப் தண்ணியை நிரப்பித்தான் பூட்டவேண்டும் என்றானாம். "ஆரு மச்சான் கேட்ட? உன்ட பொண்டாட்டியா?" என்றும் கேட்டானாம். முபீன் பேச்சை விலைக்குத் திருப்பிவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை காலையில், வாங்கிய சின்ன ஷவரைப் பூட்ட றிஸ்கான் வந்தான். சுல்பிகாவின் கணவர் காலிதீன் விடியவே வயலுக்குப் போய்விட்டார். மழைத் தண்ணி வரம்பை உடைத்துவிடும் என்ற பயம் அவருக்கு. அம்ஹா உள்ளே படுத்திருந்தாள். சுல்பிகா குசினி யன்னலுக்குப் பக்கத்தில் மெசினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தைத்தது கொஞ்சம், பார்த்ததே அதிகம்.

றிஸ்கானின் வேலை துப்புரவாக இருந்தது. குளியலறைக்கு முன்பிருந்த மெல்லிய பல்ப் வயரை அவன் தொடவில்லை. வீட்டுக்குள்ளிருக்கும் கரண்ட் பெட்டியிலிருந்து புதிதாகத் தடித்த வயர் இழுத்தான். அந்தப் பெட்டியில் ஷவருக்கென்றே தனிப் பொத்தான் வைத்தான். குளியலறைக்கு வெளியே, நனையாத சுவரில், சிவப்பு விளக்கு எரியும் பெரிய சுவிட்ச் பூட்டினான். முபீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"இந்தப் பச்சை வயர் ஏன் மச்சான்?"

"அதுதான் உசிரைக் காக்கிற வயர். ஷவருக்குள்ள எங்கயாவது கரண்ட் கசிஞ்சா, உன்ட உடம்பால போகாம இதால போய் மண்ணுக்க இறங்கிரும். பெட்டியில கொண்டு சேத்திட்டன். பெட்டியில இருந்து மண்ணுக்கு ஏர்த் கம்பி இரிக்கிதானே?"

"இரிக்கி. ஊடு கட்டக்கயே போட்டதாம் எண்டு மாமா சொன்ன."

றிஸ்கான் பெட்டியில் இருந்த, கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சின் சின்னப் பொத்தானை அமர்த்தினான். டக்கென்று விழுந்தது. "பாத்தியா, வேலை செய்யுது. மிச்சத்துக்கு ஜும்ஆத் தொழுகை முடிய வந்து சுவரைப் பூசித் தாறன். குளிச்சுப் பாரு, புதுமாப்பிள்ள மாதிரி வா பள்ளிக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

சுல்பிகாவின் கால் மெசினின் மிதிபலகையில் நின்றுபோனது.

மண்ணுக்கு இறங்கும் கம்பி. அதை அவள் கண்டிருக்கிறாள். முன்சுவரின் மூலையில், செம்பு நிறத்தில், மண்ணிலிருந்து ஒரு சாண் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்ஹாவின் கலியாணத்துக்காக மண்டபத்தைப் பெருப்பித்தபோது அத்திவாரம் வெட்டிய மேசன், வழியில நிக்கிது என்று அதை அசைத்து அசைத்துப் பிடுங்கினார். சுல்பிகா அப்போது தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். காலிதீன் அந்தக் கம்பியைக் கையில் வாங்கி, "நல்ல உரமான சாமான்" என்று மெச்சி, கலியாணத்துக்கு வாங்கிவந்த மாட்டைக் கட்டுவதற்கு முளையாகப் பின்வளவில் அடித்தார். மாடு அறுத்த பிறகு முளையைத் தேடியவர் இல்லை. சுவரிலிருந்து தொங்கிய பச்சை வயரை மேசன் மடித்துச் செருகி, மேலே சீமெந்து பூசி, மாபிளும் ஒட்டிவிட்டார். மாப்பிள்ளை வருமுன் வேலை முடியவேண்டும் என்பதுதான் அன்று எல்லாருடைய கவலையும்.

அப்போது அந்தக் கம்பி எதற்கென்று அவளுக்குத் தெரியாது. இப்போது றிஸ்கான் சொல்லித்தான் தெரிந்தது.

அவள் எழுந்து முன்பக்கம் போனாள். மூலையில் மாபிள் பளபளவென்று இருந்தது. கம்பியும் இல்லை, வயரும் இல்லை. தன் ஞாபகம் பிழையாக இருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஆசைப்பட்டாள். காலிதீனுக்குப் போன் எடுத்தாள். குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் போன் அடித்தது. மனுசன் வைத்துவிட்டே போயிருக்கிறார். அம்ஹாவின் அறைக்கு ஓடினாள். பிள்ளையை அணைத்தபடி அவள் ஆழ்ந்த தூக்கத்தில் கிடந்தாள். "மகள், மகள்" என்று தோளைத் தொட்டாள். அம்ஹா, "ம்" என்று மறுபக்கம் கிறுகிப் படுத்தாள். அதேநேரம் முற்றத்தில் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் பின்பக்கம் வந்தபோது சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஷவரின் மோட்டர் வண்டுபோல் இரைந்தது. முபீன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு குளித்தான்.

சுல்பிகா சுவிட்சை அணைத்தாள். இரைச்சல் நின்றது.

"கரண்ட் போயிட்டா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. பிறகு, "அம்ஹா! நீயா அணைச்ச?"

அவள் அம்ஹாவின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு காலமும் அவனிடம் எதையாவது சொல்லவேண்டுமென்றால் நடுவில் ஒரு மகள் இருந்தாள். இப்போது நடுவில் ஒரு கதவுதான் இருந்தது; கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குளித்துக்கொண்டிருந்தான்.

"விளையாடாத புள்ள. தலை முழுக்க சோப்பு. ஜும்ஆவுக்குப் பிந்துது." கொஞ்சம் இறங்கிய குரலில், "என்ட தங்கமெல்லா, சுவிட்சப் போடு. பள்ளியால வரக்க உனக்குப் புடிச்ச பூந்தி வாங்கித் தாறன்" என்றான்.

சுல்பிகாவுக்கு முகம் காதுவரை சுட்டது. முக்காட்டை இழுத்து வாயில் கடித்துக்கொண்டாள். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடினால் அவன் வந்து சுவிட்சைப் போடுவான், போட்டுவிட்டுத் திரும்பப் போய் அந்தத் தண்ணிக்குக் கீழே நிற்பான்.

கதவு ஒரு சாண் திறந்தது. சோப்பு நுரை வழியும் ஈரக் கை ஒன்று வெளியே வந்து சுவரைத் தடவித் தடவிச் சுவிட்சைத் தேடியது.

"மகன்! கைய எடுங்க!"

கை நெருப்பில் பட்டதுபோல் உள்ளே போனது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"மாமியா?"

"ஓம்." சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "சுவிட்சத் தொடாதீங்க மகன். அந்தப் பச்சை வயருக்கு மறுநுனி இல்ல. அது மண்ணுக்க இறங்கயில்ல. மண்டபம் பெருப்பிக்கக்க மேசன் கம்பியப் புடுங்கின. நான் கண்ணால கண்ட. மேல மாபிள் ஒட்டிட்டாங்க."

"ஏர்த் கம்பியையா?"

"ஓம். அதுலதான் உங்கட கலியாண மாட்டைக் கட்டினது."

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சரி மாமி. தொடயில்ல." பிறகு தயங்கித் தயங்கி, "மாமி… பச்சத்தண்ணி வருமா? கண்ணெல்லாம் எரியுது."

"வரும். மெல்லமா வரும். கழுவிட்டு வாங்க."

அவள் உள்ளே போய்ப் பெட்டியில் ஷவருக்கான பொத்தானையும் இறக்கினாள். பிறகு குசினியில் நின்று இரண்டு கோப்பை தண்ணி குடித்தாள்.

ஜும்ஆ முடிந்து முபீன் றிஸ்கானைக் கையோடு கூட்டிவந்தான். றிஸ்கானுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. "ட்ரிப் விழுந்திச்சே மச்சான், நீயும் பாத்தாய்தானே" என்றபடி ஒரு பல்பை ஹோல்டரில் மாட்டினான். அதன் ஒரு வயரைக் கரண்டிலும் மற்றதைப் பச்சையிலும் வைத்தான். பல்ப் எரியவில்லை. ட்ரிப்பும் விழவில்லை. திரும்பவும் வைத்துப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஏர்த் இரிக்கா எண்டு உன்னட்டக் கேட்டதா இல்லையா?"

"மாமா இரிக்கி எண்டு சொன்ன."

"மாமாட ஏர்த்த மாடு இழுத்துட்டுப் போயிட்டு!" என்று சிரித்தான் றிஸ்கான். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "பிழை என்டதான். வாய்க்கதைய நம்பாம நான் இதக் கையால பாத்திரிக்கணும். அந்தச் சின்னப் பொத்தான் ட்ரிப்பைத்தான் சோதிக்கும், ஏர்த்தச் சோதிக்காது."

"ட்ரிப் இரிந்தா அதே காணும்தானே?" என்றான் முபீன்.

"ட்ரிப் வெட்டும். ஆனா ஏர்த் இல்லாட்டி, கரண்ட் உன்ட உடம்பால போகத் தொடங்கினாத்தான் அதுக்குத் தெரியும். ஏர்த் இரிந்தா நீ தொட முந்தியே வெட்டிரும். ரெண்டும் வேணும் மச்சான். வயித்துக் காயத்தோட ஒரு புள்ள நிண்டு குளிக்கப்போற இடம் இது."

சீலைக்குப் பின்னால் நின்ற சுல்பிகா அம்ஹாவை எழுப்பப் போனாள்.

றிஸ்கான் போய்ப் புதுக் கம்பி வாங்கிவந்தான். முன்பக்கம் பெட்டிக்குக் கிட்ட, மாபிளுக்கு வெளியே அடிப்பதுதான் இலேசு என்றான். விழித்தெழுந்து வந்த அம்ஹாவின் காதில் சுல்பிகா ஏதோ சொன்னாள்.

"உம்மா சொல்றா, முன்பக்கம் வெறும் மணலாம். கோடையில கச்சான் காத்துக்குக் காஞ்சி பொடியாப் போயிருமாம்."

"வேற எங்க அடிக்கச் சொல்றாவாம்?" என்றான் முபீன்.

அம்ஹா திரும்பி உம்மாவைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் சட்டையைச் சரிசெய்வதில் கவனமாகிவிட்டாள். "எனக்குப் புள்ள அழுகிறான். நீங்களே கேளுங்க."

பிள்ளை அழவில்லை. முபீன் நிலத்தைப் பார்த்தபடி, "எங்க மாமி?" என்றான்.

சுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். முன்னால் நடந்தாள். சுவரோரமாகப் போய், உடுப்புக் கழுவும் கல்லுக்கு அப்பால், கழுவுகிற தண்ணி போய்ச் சேரும் இடத்தைக் காட்டினாள். "இது எந்தக் காலமும் ஈரம். வாழை நிக்கிறதப் பாருங்க."

றிஸ்கான் குதிக்காலால் மண்ணைக் கிளறிப் பார்த்து, "இது நல்ல இடம் சாச்சி. ஈர மண்ணுலதான் கரண்ட் நல்லா இறங்கும். வயர்தான் கூடப் போகும்" என்றான். வெளிப்பக்கத்தால் பைப் போட்டுப் பச்சை வயரைக் கொண்டுவரவேண்டும், ஆட்கள் தடக்காமல் இருக்கவேண்டும். எந்தச் சுவரால் போவது என்பதில் முபீனுக்கு ஒரு யோசனை, சுல்பிகாவுக்கு வேறொன்று. "அதால போனா நான் உடுப்புக் காயப்போட ஏலா மகன்." "அப்ப இதால மாமி?" "இதால மழைத்தண்ணி வடியுது." "அப்ப நீங்களே சொல்லுங்க."

காலிதீன் வயலிலிருந்து முழங்கால் சேறோடு வந்தபோது, பின்வளவில் மனைவியும் மருமகனும் எதிரெதிரே நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுவிட்டார்.

"ஆரும் மவுத்தா?" என்று சாவு வீட்டுக்கு வந்தவர் போலக் கேட்டார்.

"இல்ல வாப்பா, உங்கட மாட்டு முளையாலதான் மவுத்தாகப் பாத்தது" என்றாள் அம்ஹா. முபீன் விளக்கிச் சொன்னான். காலிதீன் மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாத்தினார். "நல்ல உரமான கம்பியா இரிந்திச்சி… அது இதுக்கெண்டு எனக்குத் தெரியாதே" என்றார். அதற்குப் பிறகு கம்பி அடிக்க அவர்தான் சுத்தியலைப் பிடித்தார். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

றிஸ்கான் மறுபடி பல்பைப் பச்சை வயரில் வைத்தான். வைத்த உடனே ட்ரிப் டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டு இன்னொரு தடவை வைத்தான். இன்னொரு தடவை விழுந்தது. "இப்ப இரிக்கி ஏர்த்" என்றான்.

காலிதீன் தன் சேற்றுக் கால்களைப் பார்த்தார். "அப்ப நான் முதல்ல ஒரு குளிப்பு…"

"முதல்ல மகள் குளிக்கட்டும்" என்றாள் சுல்பிகா. அம்ஹாவின் கையிலிருந்து பேரனை வாங்கி, ஒரு கணம் யோசித்து, முபீனிடம் நீட்டினாள். "புடிங்க மகன். தலையத் தாங்கிப் புடிங்க." துவாயை எடுத்து மகளின் தோளில் போட்டாள். ஷவரின் சூட்டைக் குறைவில் வைத்து, தன் முழங்கையில் தண்ணியைப் படவிட்டுப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கூட்டினாள். மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

தண்ணி விழும் சத்தம் கேட்டது. சுல்பிகா கதவுக்குப் பக்கத்தில், சுவிட்சுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"சூடு கூடவா மகள்?"

"காணும் உம்மா. நல்லா இரிக்கி."

"மாமி, இவன் கொட்டாவி விடுறான். என்ன செய்ய?" என்றான் முபீன், பிள்ளையைக் கண்ணாடிச் சாமான் போல் பிடித்துக்கொண்டு.

"கொட்டாவி விட்டா நித்திரை கொள்ளுவான்" என்றாள் சுல்பிகா. "நடந்து திரியுங்க. வாழைப் பக்கம் போகாதீங்க, வழுக்கும்."